டூரிங் காருக்கு முன்னால் ஸ்பூலா, டிஃபா? பின்னால் எந்த ஆயில்?

ரிமோட்டில் ஓட்டும், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள எலக்ட்ரிக் டூரிங் காரில், மோட்டாரும் டயரும் விதிப்படி எல்லோருக்கும் ஒன்றாகிவிட்ட பிறகு, வளைவை விட்டு வெளியே வரும் அந்த ஒரு நொடியில்தான் பந்தயம் இருக்கிறது. அந்த நொடியில் மோட்டாரின் சக்தி எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்பதை டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப், தீர்மானிக்கிறது. ஆனால் கிளப் பந்தயங்களில் பலர் ஸ்பிரிங்கையும் கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வு) மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கிட் பெட்டியில் வந்த டிஃபை அப்படியே விட்டுவிடுவார்கள். திறந்து பார்ப்பது எரிச்சலான வேலை என்பதுதான் காரணம்.

முன்பக்கத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஸ்பூல், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்-வே, ரொம்பக் கெட்டியான ஆயில் போட்ட கியர் டிஃப் (ஆயில் அடைத்த கூட்டுக்குள் பல்சக்கரங்கள்). பின்பக்கத்துக்கு இரண்டு: கியர் டிஃப், பல்லுக்குப் பதில் குண்டுகள் உள்ள பால் டிஃப். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் டிரைவ் காரில் 17.5 டர்ன் வகுப்பு (மோட்டாரின் கம்பிச் சுற்றைக் கட்டுப்படுத்தும் வகுப்பு) ஓட்டுகிறவருக்கு முன்னால் ஸ்பூல், பின்னால் 5000 ஆயில் போட்ட கியர் டிஃப். எண் கூடக்கூட ஆயில் கெட்டி. டாமியா கம்பெனியின் டிடி-02 என்ற ஷாஃப்ட் டிரைவ் கார் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன். இரண்டிலும் முன்பக்கத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பின்பக்க ஆயிலின் எண் அதற்கு அப்புறம்தான் வரும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் பாட்டில் பாட்டிலாக ஆயில் வாங்கியும் வண்டி பிடிபடாமல் தவிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

டூரிங் காரின் அகலம் 190 மி.மீ. டயரின் அகலத்தைக் கழித்தால், இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை சுமார் 165 மி.மீ. வரும். ஒரு மீட்டர் ஆரம் உள்ள ஹேர்பின் வளைவில் (கொண்டை ஊசி வளைவு) வண்டி திரும்புகிறது என்று வையுங்கள். வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் தூரம் உருள வேண்டும். அதே வண்டி ஐந்து மீட்டர் ஆரமுள்ள அகலமான வளைவில் போனால் வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கீழே சொல்லப்போவதில் பாதி இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்தால் அகலமான வளைவில் டயர் அந்த மூன்று சதவீதத்தை வழுக்கியே சமாளித்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஹேர்பின்னில் 18 சதவீதத்தை அப்படி விழுங்க முடியாது. வண்டி திரும்ப மறுத்து வெளியே தள்ளும். அதனால் டிஃப் பற்றி யோசிக்கும் முன்னால் நீங்கள் ஓட்டும் டிராக்கில் எத்தனை ஹேர்பின், எத்தனை அகல வளைவு என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கம், முழுதாகத் திறந்த டிஃப் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். வேகமாகத் திரும்பும்போது எடையெல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து, உள் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அந்தச் சக்கரத்தால் எவ்வளவு விசையைத் தாங்க முடியுமோ அதே அளவுதான் வெளிச் சக்கரத்துக்கும் கிடைக்கும். மோட்டார் சத்தம் ஏறும், வண்டி போகாது.

முன்பக்கம்

ஸ்பூல் என்பது டிஃபே இல்லை. ஒரே அச்சு, இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) மாட்டும் கப். டாமியா இதை டைரக்ட் கப்ளிங் என்கிறது. எக்ஸ்ரே, யோகோமோ, ஆசமாட்டிக்ஸ் போன்றவர்களின் பந்தயக் கிட்களில் இப்போது முன்னால் ஸ்பூல், பின்னால் கியர் டிஃப் என்றுதான் வருகிறது.

முதல் தடவை கேட்கிறவருக்கு இது விபரீதமாகத் தெரியும். திருப்புகிற சக்கரங்களையே ஒன்றோடு ஒன்று பூட்டிவிட்டால் வண்டி எப்படித் திரும்பும்? விடை, மேலே சொன்ன உள் சக்கரத்தின் எடையில் இருக்கிறது. வளைவில் முன் உள் சக்கரத்தின் மேல் பாரம் ரொம்பக் குறைவு. அது வழுக்கினாலும் வண்டியை எதிர்ப்பக்கம் இழுக்க அதனிடம் பிடி இல்லை. வெளிச் சக்கரமோ முழு விசையையும் வாங்கிக்கொண்டு வண்டியின் மூக்கை வளைவுக்குள் இழுக்கிறது. அதனால் திராட்டிலை (ஆக்சிலரேட்டர்) தொட்ட பிறகு ஸ்பூல் வண்டி மற்ற எல்லா வழிகளையும்விட நன்றாகத் திரும்பும். பிரேக் போடும்போது இரண்டு முன் சக்கரமும் சேர்ந்தே நிற்பதால் வண்டி நேராகவும் இருக்கும்.

இதற்கு விலை, திராட்டிலை விட்டுவிட்டு உருளும்போது வருகிறது. ஹேர்பின்னுக்குள் கால்வாசி தூரம் வண்டி மந்தமாக இருக்கும். ஸ்பூலுக்குப் புதிதாக மாறியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மனம் உடைந்து மறுபடி டிஃபுக்கு ஓடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஸ்பூல் வண்டியை ஓட்டும் முறையே வேறு: பிரேக்கைச் சீக்கிரம் முடித்து, வளைவின் உச்சிக்கு முன்பாகவே லேசாகத் திராட்டில் கொடுத்து, முன்பக்கம் இழுக்க விட வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பிறகு முன்னால் டிஃப் போட்ட வண்டி சோம்பேறியாகத் தெரியும்.

இன்னொரு செலவும் உண்டு. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில் ஒற்றை மூட்டு டிரைவ் ஷாஃப்ட், சுற்றுக்குச் சுற்று வேகம் மாறி முன்பக்கத்தை உதற வைக்கும். டிஃப் இருந்தால் அது அந்த உதறலை ஓரளவு விழுங்கிவிடும். ஸ்பூலில் அது நேராக டயருக்கே போகும். அதனால் ஸ்பூலுக்கு இரட்டை மூட்டு ஷாஃப்ட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோதலில் அடி வாங்குவதும் முதலில் ஷாஃப்ட் பின், அப்புறம் கப், அப்புறம் பெல்ட். கப்பின் உள்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பின் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் பின் சிக்கும்போது சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகத் தயங்கும். நீங்கள் ஷாக் ஆயிலைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்-வே ரொம்ப அழகான யோசனை. முன் சக்கரங்களுக்குச் சக்தி போகும். ஆனால் சக்கரம் அச்சைவிட வேகமாகச் சுற்ற விரும்பினால் தடையே இல்லாமல் சுற்றும். சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் மாதிரிதான். திராட்டிலை விட்டதும் முன்பக்கம் முழுச் சுதந்திரத்தோடு திரும்பும், வேகத்தையும் அதிகம் இழக்காது. பிரேக்கில்தான் சிக்கல். முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே போகாது. எல்லாம் பின்னால் மட்டும். கொஞ்சம் ஓங்கிப் பிரேக் அடித்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். பிரேக்கே தொடாமல் ஓடக்கூடிய, அகலமான, நல்ல கிரிப் உள்ள டிராக் உங்கள் ஊரில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். கூட்டத்தில் முன்னால் ஒருவன் திடீரென்று நின்றால் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வழி, முன்னாலும் கியர் டிஃப் வைத்து 5,00,000, 10,00,000 என்கிற எண்களில் ஆயில் போடுவது. ஆயில் என்பது பெயர்தான். பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். வேகமான வளைவில் இது ஏறத்தாழ ஸ்பூல் மாதிரியே நடந்துகொள்ளும், ஹேர்பின்னில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிசுபிசுப்பால் வரும் தடை, இரண்டு சக்கரத்துக்கும் உள்ள வேக வித்தியாசத்தைப் பொறுத்தது. அதனால் 10 லட்சம் ஆயில்கூட மெதுவான, நீளமான ஹேர்பின்னில் நகர்ந்து கொடுக்கும். குறுகலான, ஹேர்பின் நிறைந்த கார்பெட் டிராக்கில் இது உண்மையான மாற்றுவழி. பெரிய தார்த் தரை டிராக்கில் இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை. கூடுதல் எடை, கூடுதல் பராமரிப்பு, கிடைப்பது கொஞ்சம்.

பின்பக்கம்: கியரா, பாலா

2010ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை டூரிங் காரின் பின்னால் பால் டிஃப்தான் ராஜா. அப்புறம் பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் கொடுத்த முறுக்குவிசையில் பால் டிஃப் அடிக்கடி நைந்துபோக, ஆயில் அடைத்த கியர் டிஃப் திரும்பி வந்தது. இன்று பான் கார்களில் (பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் தட்டையான பந்தயக் கார்கள்) பால் டிஃப் இன்னும் வாழ்கிறது. டூரிங்கில் பார்ப்பது அரிது.

பால் டிஃபில் 2.4 அல்லது 3 மி.மீ. குண்டுகள் இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பிரிங்கும் திருகும் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். அதன் தடை திருகின் இறுக்கத்தைப் பொறுத்தது. சக்கரங்களின் வேக வித்தியாசத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. சரியாகக் கட்டிய பால் டிஃபைக் கையில் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வழுக்கலான தரையில், சக்தி குறைந்த மோட்டாரோடு, அந்த மென்மைக்கு ஈடு இல்லை. பிட் மேசையில் அரை நிமிடத்தில் திருகைக் கால் சுற்று திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் பெரிய வசதி. கியர் டிஃபில் ஆயில் மாற்ற வண்டியைப் பிரிக்க வேண்டும்.

ஆனால் திருகு கொஞ்சம் தளர்ந்தால் போதும், குண்டுகள் உருளாமல் தேய்ந்து, வளையத்தில் வடு விழுந்துவிடும். அதற்கப்புறம் அதைச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல உணர்வீர்கள். சோதிக்கும் முறை எளிது: பின் சக்கரம் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஸ்பர் கியரை (மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரம்) கட்டைவிரலால் தள்ளுங்கள். நகரக் கூடாது. நகர்ந்தால் ஓட்டாதீர்கள்.

17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் பால் டிஃப் தாங்காது என்று நான் சொல்ல மாட்டேன். தாங்கும். ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பிறகும் பிரித்து, வளையங்களைக் கண்ணாடி மேல் வைத்த 600 எண் உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து, புது கிரீஸ் வைத்துக் கட்டுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால். அந்தப் பொறுமை உள்ளவர்கள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. மற்றவர்கள் கியர் டிஃப் போட்டுக்கொண்டு அந்த நேரத்தில் இன்னும் ஒரு பேட்டரி ஓட்டிப் பழகினால் லாபம். இதைவிடச் சக்தி வாய்ந்த மோட்டார் ஓடும் மாடிஃபைடு வகுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், கியர்தான்.

ஆயில் எண்

டிஃப் ஆயில் சிலிக்கோன் ஆயில். பாட்டிலில் உள்ள எண் பிசுபிசுப்பின் அலகான சென்டிஸ்டோக் கணக்கு. ஷாக் ஆயிலுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவுகோல் இருப்பதால் வரும் குழப்பம் இங்கே குறைவு. டூரிங் காரின் பின்பக்கத்துக்குப் பெரும்பாலும் 3000 முதல் 7000 வரை போதும். இந்த எண்களில் வித்தியாசத்தைப் பார்க்காமல் விகிதத்தைப் பாருங்கள். 1000லிருந்து 2000 போவது பெரிய மாற்றம். 6000லிருந்து 7000 போவதை டிராக்கில் யாராலும் உணர முடியாது. 500, 500ஆக ஏற்றிக்கொண்டு போவது வீண்வேலை. 3000, 5000, 10,000 என்று மூன்று பாட்டில் வாங்கினால் ஒரு சீசனுக்குத் தாராளம்.

கெட்டியாக்கினால் என்ன ஆகும்? வளைவுக்குள் நுழையும்போது, பிரேக்கில், பின்பக்கம் நிதானமாக இருக்கும். ஏனென்றால் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் உருளப் பார்ப்பதால் வண்டி சுழல்வதை அவையே எதிர்க்கின்றன. வெளியேறும்போது இது மாறிவிடுகிறது: உள் சக்கரம் சும்மா சுற்றாததால் சக்தி வெளிச் சக்கரத்துக்குப் போய் வண்டி முன்னே பாயும், கிரிப் போதாத தரையில் அதே சக்தி பின்பக்கத்தை வெளியே தள்ளும். மெல்லிய ஆயிலில் வளைவின் நடுவே பின்பக்கப் பிடிமானம் கூடும், நுழைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனால் உள் சக்கரம் சுழன்று சக்தியை வீணாக்கலாம்.

ஆகவே வெளியேறும்போது மோட்டார் சத்தம் எகிறி வண்டி நகரவில்லையா, ஆயிலைக் கெட்டியாக்குங்கள். வெளியேறும்போது பின்பக்கம் வெளியே அடிக்கிறதா, மெல்லியதாக்குங்கள். பிரேக்கில் பின்பக்கம் பதறினால் கெட்டி. நுழைவில் வண்டி திரும்பவே மாட்டேன் என்றால் மெல்லியது. இவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று எதிராக ஒரே வண்டியில் இருந்தால் அது டிஃபின் கோளாறு இல்லை. டயரையோ, ஷாக்கையோ, வண்டி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதையோ போய்ப் பாருங்கள்.

வெயிலைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பாட்டிலில் உள்ள எண் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. சிலிக்கோன் ஆயில் மற்ற ஆயில்களைவிடச் சூட்டைத் தாங்கும் என்றாலும், 40 டிகிரியில் அதன் பிசுபிசுப்பில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். 60 டிகிரியை நெருங்கும்போது கிட்டத்தட்டப் பாதி. இணையத்தில் கிடைக்கும் செட்டப் தாள்கள் நிறைய, யூரோ டூரிங் சீரிஸ் மாதிரியான பந்தயங்களின் உள்ளரங்கக் கார்பெட்டில் எழுதப்பட்டவை. அந்தத் தாளில் உள்ள 5000ஐச் சென்னையிலோ கொழும்பிலோ மதிய வெயிலில், தார்த் தரையில் அப்படியே போட்டால் அது அங்கே நடந்துகொண்ட மாதிரி இங்கே நடந்துகொள்ளாது. அதே உணர்வு வேண்டுமென்றால் 7000 போட வேண்டும். ஆனால் தூசி படிந்த தார்த் தரையில் கார்பெட்டின் கிரிப்பும் இருக்காது. அதற்கு மெல்லிய ஆயில்தான் சரி. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், வெயிலில் 5000ஐ 5000ஆகவே வைத்துத் தொடங்குவது நல்லது. மாலையில் தரை குளிர்ந்து வண்டியின் பின்பக்கம் மாறினால் காரணம் தெரிந்துகொண்டு பதறாமல் இருக்கலாம்.

டிடி-02 வைத்திருப்பவர்களுக்கு

ஷாஃப்ட் டிரைவ், முன்னாலும் பின்னாலும் திறந்த பெவல் கியர் டிஃப், பெட்டியிலேயே 540 பிரஷ் மோட்டார். இந்த வண்டியில் பந்தயம் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். கிட்டோடு வரும் டிஃபில் ஆயிலை அடைத்து வைக்க ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிடையாது. மெல்லிய ஆயில் ஊற்றினால் ஒழுகிவிடும். அதனால் டாமியாவின் ஆன்டி-வேர் கிரீஸ் மாதிரி கெட்டியான ஒன்றை அடைப்பதுதான் வழக்கம். முன் டிஃபில் கிரீஸை நிறைய அடையுங்கள், பின் டிஃபில் பற்களுக்கு மட்டும் லேசாகத் தடவுங்கள். இது ஒன்றே வண்டியை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். செலவும் ஒரு டியூப் கிரீஸ்தான்.

டிடி-02வில் முன்னால் ஸ்பூல் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் உங்கள் கிளப் விதியைப் படியுங்கள். கிட் டிஃபைத் தவிர வேறு எதையும் விடாத வகுப்புகள் உண்டு. விதி அனுமதித்தாலும், கிட்டில் வரும் சாதாரண டாக் போன் ஷாஃப்டோடு (இரண்டு முனையும் கப்பில் சும்மா உட்காரும் தண்டு) ஸ்பூல் போடாதீர்கள். முன்பக்கம் உதறும், மோதலில் ஷாஃப்ட் எகிறி எங்கேயோ விழும். முதலில் மூட்டு வைத்த யுனிவர்சல் ஷாஃப்ட், அப்புறம்தான் ஸ்பூல். கிட் மோட்டாரோடு ஓடும்வரை இரண்டையும் ஒத்திப்போட்டு அந்தப் பணத்தில் டயர் வாங்கலாம் என்பது என் கட்சி.

கட்டும் விதம்

5000 என்று எண் ஒன்றாக இருந்தும் ஒரே ஆளின் இரண்டு டிஃப்கள் வேறு வேறாக ஓடும். கட்டும்போது ஆயிலின் அளவு மாறுவதுதான் காரணம். அதனால் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கட்டுவதில் அதிகக் கவனம் வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

முதலில் ஆயில் இல்லாமல் கட்டிச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகிப் பிடித்தால் ஷிம் (மெல்லிய இடைவளையம்) தடிமனைச் சரி செய்யுங்கள். ஆயில் அந்தக் குறையை மறைக்கும், தீர்க்காது. ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவி உட்கார வையுங்கள். ஆயிலைச் சின்ன கியர்களின் குறுக்குப் பின் மறையும் வரை ஊற்றி, கப்பை மெதுவாகச் சுற்றினால் அடியில் சிக்கிய காற்று குமிழாக மேலே வரும். கால் மணி நேரம் மூடாமல் விட்டுவிடுங்கள். குமிழ் வெளியேறியதும் மட்டம் இறங்கும். மறுபடி கொஞ்சம் விட்டு, விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் ஆயில் விரிந்து ஓ-ரிங்கைத் தாண்டி ஒழுகும். மூடித் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இனி தராசு. நகைக்கடைத் தராசு மாதிரி கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். காலி டிஃபின் எடையையும் நிரப்பிய டிஃபின் எடையையும் குறித்துக்கொண்டால், அடுத்த முறையும் அதே அளவு ஆயில் போகும். ஒரு சீசன் ஓடிய பிறகு எடை குறைந்திருந்தால் ஒழுகுகிறது என்று பிரிக்காமலேயே தெரியும். டிஃபின் மேல் சின்ன டேப் ஒட்டி ஆயில் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். கையில் காசு இருந்தால் இரண்டாவது கியர் டிஃப் ஒன்றை 3000 போட்டுக் கட்டித் தயாராக வைத்திருக்கலாம். அப்போது சுற்றுப் பந்தயங்களுக்கு நடுவே ஆயில் மாற்ற வேண்டாம், டிஃபையே மாற்றிவிடலாம். ஸ்பூலுக்கு மாறுவதற்கு முன்பே நான் வாங்கச் சொல்வது இந்தத் தராசையும் இரண்டாவது டிஃபையும்தான்.